பொது இடத்தில் ரிமோட் கார் ஓட்டப் போகிறீர்களா?

தெருமுனைக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பொம்மை ரிமோட் காருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அது யார் காலில் மோதினாலும் கார்தான் கவிழும். ஆர்.சி. (ரேடியோ கன்ட்ரோல்) கார் என்று நாங்கள் சொல்லும் ஹாபி கார் ஒன்றை முதல்முறையாக வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிராக்ஸாஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் மாதிரியான, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு டிரக் இரண்டு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். பிரஷ்லெஸ் என்ற அதிக சக்தி தரும் மோட்டார் உள்ள வகை மணிக்கு 50 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். நீங்கள் "ஐயோ" என்று சொல்லி விரலை எடுப்பதற்குள் கிரிக்கெட் பிட்ச்சில் பாதிக்கு மேல் ஓடியிருக்கும்.

எனக்கு இது உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்கள் பகுதி மைதானத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்மிட்டரில், அதாவது கையில் இருக்கும் ரிமோட்டில், பழைய பேட்டரி. ஓட்டத்தின் நடுவில் அணைந்துபோனது. கார் நிற்கவில்லை. கடைசியாகக் கொடுத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு நேராக ஓடி, நடைப்பயிற்சியில் இருந்த ஒரு பெரியவரின் கணுக்காலில் மோதியது. எலும்பு முறியவில்லை, ஆனால் இரண்டு வாரம் அவர் நடக்க வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது. ஃபெயில்சேஃப் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்று தெரியாது. அதனால் இப்போது யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் காரை நிறுத்துவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஓட்டுவது அப்புறம்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதல் வேலை ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் கார் என்ன செய்ய வேண்டும் என்று, காருக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் அது. பெரும்பாலான 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ செட்களில் (டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் சேர்ந்தது) இந்த வசதி உண்டு; சிலவற்றில் நாமே செட் செய்ய வேண்டும். சோதிப்பது சுலபம். நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி காரை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வையுங்கள். டிரான்ஸ்மிட்டரையும் காரையும் ஆன் செய்து, வேகம் கொடுக்கும் ட்ரிக்கரை லேசாக அழுத்திச் சக்கரத்தைச் சுழல விடுங்கள். அப்படியே டிரான்ஸ்மிட்டரை ஆஃப் செய்யுங்கள். ஓரிரு நொடியில் சக்கரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கையேட்டைப் பார்த்து ட்ரிக்கரின் நடுநிலையையோ பிரேக்கையோ ஃபெயில்சேஃபாகப் பதியுங்கள். அதைச் செய்யாமல் கார் வாசலைத் தாண்டவே கூடாது. ஒருமுறை செய்தால் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். ரிசீவரை மாற்றினாலோ டிரான்ஸ்மிட்டரோடு மறுபடி பைண்ட் செய்தாலோ (இணைத்தாலோ) திரும்பவும் சோதிக்க வேண்டும்.

ஆன் செய்யும் வரிசையும் இதோடு சேர்ந்ததுதான். டிரான்ஸ்மிட்டர் முதலில், கார் பிறகு. அணைக்கும்போது தலைகீழ்: கார் முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில். கார் உயிரோடு இருக்கும் ஒரு நொடிகூட உங்கள் கையில் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த வரிசை.

அடுத்து வேகத்தைக் குறையுங்கள். டிராக்ஸாஸ் கார்களில் டிரெய்னிங் மோட் என்று ஒன்று இருக்கும். ட்ரிக்கரை முழுக்க அழுத்தினாலும் பாதி சக்திதான் போகும். மற்ற செட்களில் வேகத்துக்கு வரம்பு வைக்கும் த்ராட்டில் லிமிட் திருகோ 50, 70, 100 சதவீதம் என்று ஒரு ஸ்விட்சோ இருக்கும். முதல் ஒரு மாதம் அதைப் பாதியிலேயே வைத்திருங்கள். 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50க்குப் போனால் இரண்டரை மடங்குதானே என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், அது ஆறு மடங்குக்கு மேல் கூடிவிடும்.

அப்புறம் பிரேக் பழகுங்கள். மொட்டைமாடியிலோ ஆளில்லாத கார் பார்க்கிங்கிலோ சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே காரை நிறுத்திப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை நிற்கும்வரை மைதானம் வேண்டாம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிதான் ஈ.எஸ்.சி. பெரும்பாலான ஈ.எஸ்.சி.களில் ட்ரிக்கரை முதல்முறை முன்னே தள்ளினால் பிரேக். விட்டுவிட்டு மறுபடி தள்ளினால்தான் ரிவர்ஸ். பதற்றத்தில் இது குழம்பும். விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிவிட வேண்டும்.

கார் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். புதியவர்கள் மோதுவதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான். காருக்குள் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வது ஓரளவு உதவும். நான்கு தண்ணீர் பாட்டில்களை வைத்து எட்டு போட்டுப் பழகுவது அதைவிட உதவும். எதிரே வரும் காரைத் திருப்புவதா நிறுத்துவதா என்று சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள்.

எங்கே ஓட்டுவது

சாலையில் வேண்டாம். ஆளரவம் இல்லாத குறுக்குத் தெருவாக இருந்தாலும் வேண்டாம். இந்த உயரத்தில் ஓடும் காரை பைக்கில் வருகிறவர் பார்க்க மாட்டார். திடீரென்று பார்த்தால் பிரேக் போடுவார், சறுக்குவார். உங்கள் கார் அவரைத் தொடவே வேண்டியதில்லை, அவர் விழுவதற்கு. டிரோன்களுக்கு 2021இல் தனி விதிகள் வந்ததுபோல் தரையில் ஓடும் ரிமோட் காருக்கு வரவில்லை. அதற்காகக் கேள்வி கேட்பார் இல்லை என்று அர்த்தமில்லை. அசட்டையாக நடந்து அடுத்தவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு இருக்கிறது. பொதுவழியில் இடைஞ்சலுக்கு 285ஆம் பிரிவு இருக்கிறது. கையில் இருப்பது விளையாட்டுச் சாமான் என்பது அங்கே பதிலாகாது.

பூங்காக்களில் நடைபாதை நடப்பவர்களுக்கானது. புல்வெளி, செடி இருக்கும் இடங்களில் டயர் மண்ணைப் பறித்துவிடும். பூங்காவில் ஓட்டத்தான் வேண்டும் என்றால் 1/24 அளவு கிராலர் வாங்குங்கள். ஆள் நடக்கும் வேகத்தில் கல்லின் மேல் ஏறி இறங்கும் வண்டி அது. யாரையும் பயமுறுத்தாது. பெரிய மைதானங்களில் பந்து விளையாடும் பசங்களுக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் வருவதற்கு முன்பே அது அவர்கள் இடம். பள்ளி மைதானமாக இருந்தால் தலைமை ஆசிரியரிடமும், அடுக்குமாடி வளாகமாக இருந்தால் சங்கத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட். தார் ரோடு போட்டிருப்பார்கள், மண்ணும் இருக்கும், ஆளும் குறைவு. உரிமையாளரையோ காவலுக்கு இருப்பவரையோ கேட்டுக்கொண்டு இறங்குங்கள். கோடையில் வறண்ட ஏரியும் நல்ல இடம்தான், ஆடு மாடு மேய்கிற பக்கம் போகாத வரை. கிராமத்தில் நெற்களம் வழவழப்பாக, ஓட்டுவதற்கென்றே போட்டதுபோல இருக்கும். அங்கே ஓட்டாதீர்கள். நெல் காயாத நாளாக இருந்தாலும், களத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

வெட்டவெளிகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. சரளைக் கல் தரையில் அப்படியே முட்டையிடும். முட்டையும் கல் நிறத்திலேயே இருக்கும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இது நடக்கும். தலைக்கு மேல் வட்டமடித்து ஒரு குருவி விடாமல் கத்தினால், பக்கத்தில் எங்கோ முட்டை இருக்கிறது என்று அர்த்தம். காரைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, வேறு பக்கம் போய்விடுங்கள்.

கடற்கரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணலில் கார் ஓடுவதைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாலையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் அங்கே ஓட்டுவது நியாயமே இல்லை. விடிந்த பிறகு ஆள் சேர்வதற்குள் ஓட்டலாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல், மே வரை மேல்மணலில் வேண்டாம். பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடும் காலம் அது. முட்டை பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிரினம் இது. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கும். உங்கள் காரின் எல்.இ.டி. பட்டை அவற்றை ஊர்ப்பக்கம் இழுத்துவிடும். டயர் தடம் ஒரு விரல் ஆழம் இருந்தாலே அவற்றுக்கு அது பள்ளம். இரவில் கடற்கரையில் ரிமோட் கார் எந்த மாதத்திலும் வேண்டாம் என்பது என் கருத்து. ஈர மணலில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, பேரிங்குகளுக்கு எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே வாரத்தில் வேலையைக் காட்டிவிடும்.

எப்போது ஓட்டுவது

அதிகாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை மைதானம் நடப்பவர்களுடையது. மாலை நாலரைக்கு மேல் பசங்களுடையது. மிச்சம் இருப்பது காலை ஒன்பது மணிக்கு மேலும் மதியமும்தான். மதியம் ஆள் இருக்க மாட்டார்கள், ஆனால் மோட்டார் சூடாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆற விடுங்கள். அக்கம்பக்கத்தில் வீடுகள் இருந்தால் மதியத் தூக்கத்தையும் கணக்கில் வையுங்கள். பொதுத்தேர்வு நடக்கும் நாட்களில் பள்ளிக்கூடத்தின் பக்கமே போக வேண்டாம்.

எலக்ட்ரிக் காருக்கு இரைச்சல் குறைவு. நைட்ரோ என்ஜின் கார் அப்படி இல்லை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் அந்தச் சின்ன என்ஜின் கத்துவது மூன்று தெருவுக்குக் கேட்கும், புகையும் வரும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருந்தால் அளவு இன்னும் குறைவு. நைட்ரோ வைத்திருப்பவர்கள் ஊரைத் தாண்டிப் போய்விடுவது நல்லது. புதியவர்கள் எலக்ட்ரிக்கிலேயே ஆரம்பியுங்கள்.

போய் இறங்கியதும்

காரை உடனே தரையில் வைக்காதீர்கள். முதலில் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, பள்ளம், படுத்திருக்கும் நாய், மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அங்கே இருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். "அண்ணா, இந்தப் பக்கம் ஒரு அரை மணி நேரம் ரிமோட் கார் ஓட்டிக்கலாமா? இடைஞ்சலா இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்." இவ்வளவுதான். இப்படிக் கேட்ட இடத்தில் வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. சொன்னால் வாதாடாதீர்கள். "சரிங்கண்ணா" என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு ஓட்டச் சொன்ன அனுபவமும் எனக்கு உண்டு.

நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். சுவரோ வேலியோ பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் பின்னால் நிற்க வேண்டும். கார் எப்போதும் உங்கள் முன்னால் மட்டும் ஓட வேண்டும். உங்களுக்கும் காருக்கும் நடுவில் யாரும் இருக்கக்கூடாது. ஓட்டும்போது கண் காரிலேயே ஒட்டியிருக்கும், பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்பது தெரியாது. அதனால் முதல் சில முறை ஒரு நண்பரைக் கூட்டிப் போங்கள். அவர் காரைப் பார்க்கவே வேண்டாம். சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்து, "ஆள்" என்று குரல் கொடுத்தால் போதும். குரல் கேட்டதும் விரலை எடுத்துவிட வேண்டும், எங்கே யார் என்று திரும்பிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

ஆள் குறுக்கே வந்தால் கார் நிற்கும். அவர் கடந்து போன பிறகு ஓடும். அவரைச் சுற்றிக்கொண்டு போவது, பக்கத்தில் போய்க் கடைசி நொடியில் பிரேக் போட்டுத் திறமையைக் காட்டுவது இரண்டும் கூடவே கூடாது. உங்களுக்குத் தெரியும் நிறுத்திவிடுவோம் என்று. அவருக்கு எப்படித் தெரியும்? வயதானவர்கள் பயந்து ஒரு அடி பின்னே வைத்தாலே விழுந்துவிடலாம்.

குழந்தைகளும் நாய்களும்

கார் தரையில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் குழந்தைகள் வந்துவிடுவார்கள். காரின் பின்னால் ஓடுவார்கள், முன்னால் போய்க் கையை நீட்டி மறிப்பார்கள். அதட்டி விரட்டினால் தூரத்தில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து ஓடி வருவார்கள். அது இன்னும் ஆபத்து. நான் செய்வது இதுதான்: காரை நிறுத்திவிட்டு எல்லோரையும் பக்கத்தில் கூப்பிடுவேன். காரைக் காட்டுவேன், எங்கே தொடலாம் எங்கே தொடக்கூடாது என்று சொல்வேன். ஓட்டி முடித்த மோட்டார் 70, 80 டிகிரி சூட்டில் இருக்கும், விரல் வைத்தால் சுட்டுவிடும். பிறகு, "என் காலுக்குப் பின்னாடி இந்தக் கோட்டுல நின்னா ஆளுக்கு ஒரு நிமிஷம் ஓட்டத் தரேன்" என்பேன். அந்தக் கோட்டை அவர்களே காவல் காப்பார்கள். தரும்போது டிரெய்னிங் மோடில்தான் தர வேண்டும், உங்கள் கையும் டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நாய் துரத்துவது ஓடும் பொருளைத்தான். நாய் வந்தால் காரை வேகப்படுத்தித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அது நாயைச் சாலைவரை இழுத்துப் போய்விடும். நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நாயை வெறியேற்றுவதற்காகவே அதன் முன்னால் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய் அடுத்ததாகக் கடிக்கப்போவது காரை இல்லை, பக்கத்தில் நிற்கும் குழந்தையை. கார் நின்ற பிறகும் நாய் அதைக் கவ்விக்கொண்டு நின்றால் கையை நீட்டிப் பிடுங்காதீர்கள். அதுவாக விடும்வரை பொறுத்திருங்கள்.

படம் எடுப்பதாக இருந்தால் சுற்றி இருப்பவர்கள் முகம் விழாமல் எடுங்கள். குழந்தைகள் இருந்தால் பெற்றோரைக் கேளுங்கள்.

பல கார்கள் சேர்ந்தால்

இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்கள் ஒவ்வொன்றும் தன் ரிசீவரோடு மட்டும் பேசும், ஒன்றுக்கொன்று குறுக்கிடாது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே சேனலில் இரண்டு இருந்தால் நீங்கள் ஆன் செய்த நொடியில் இன்னொருவர் கார் கட்டுப்பாடு இழக்கும். அதனால் அப்படிப்பட்ட செட் வைத்திருப்பவர்கள் ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் "யாருக்காவது 27 இருக்கா?" என்று கேட்டுவிட வேண்டும்.

எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவது என்று பேசிக்கொள்ளுங்கள். வேகமான டிரக்குகளும் மெதுவான கிராலர்களும் ஒரே இடத்தில் வேண்டாம். ஆர்.சி. பந்தயங்களில் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த சுற்றில் மார்ஷலாக நின்று, கவிழும் கார்களை நிமிர்த்தித் தருவார்கள். அந்தப் பழக்கத்தைச் சாதாரண நாளிலும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கார் கவிழ்ந்தால் மற்ற கார்களுக்கு நடுவில் ஓடாதீர்கள். கையைத் தூக்கிக் குரல் கொடுத்து, எல்லோரும் நிறுத்திய பிறகு போங்கள். இன்னொருவர் எடுக்கப் போனால் ட்ரிக்கரிலிருந்து விரல் முழுக்க வெளியே இருக்க வேண்டும். சுழலும் டயர் விரலைக் கிழித்துவிடும்.

லைப்போ பேட்டரி

லைப்போ என்பது இந்தக் கார்களில் போடும் லித்தியம் பாலிமர் பேட்டரி. பொது இடத்துக்கு வேண்டிய அளவு மட்டும் சொல்கிறேன். ஈ.எஸ்.சி. லைப்போ முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள். உப்பிய பேட்டரியையோ மோதலில் நசுங்கியதையோ மறுபடி காரில் போடாதீர்கள். தீப்பிடிக்காத பையில், ஆட்கள் இருக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு சின்ன வாளி மணல் கொண்டு போவது நல்லது. பேட்டரி புகையத் தொடங்கினால் எல்லோரையும் காற்று வரும் பக்கமாக, புகை போகாத பக்கம் நகர்த்திவிட்டு, தூரத்திலிருந்தே மணலைக் கொட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் லைப்போவை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பழுதானதைப் பூங்கா குப்பைத்தொட்டியில் போட்டால், மறுநாள் அதைக் கையால் அள்ளுகிற தூய்மைப் பணியாளருக்குத்தான் ஆபத்து.

அடிபட்டுவிட்டால்

முதலில் ஆளிடம் போங்கள். கார் எங்கே கிடக்கிறது, எது உடைந்தது என்று திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அடிபட்டவர் அதைக் கவனிப்பார், அது ஆறாது. பக்கத்தில் இருப்பவரிடம் காரை அணைக்கச் சொல்லிவிட்டு, அடிபட்டவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். "ஒன்னும் இல்லப்பா, போ" என்று சொன்னாலும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், செலவு உங்களுடையது. உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், மறுநாள் நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். வண்டியின் கண்ணாடி உடைந்தாலும் இதேதான்: உரிமையாளர் இல்லை என்றால் காத்திருங்கள், காத்திருக்க முடியாவிட்டால் உங்கள் நம்பரை எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

நான் இடித்த பெரியவரின் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல்முறை அவர் மகள் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். அவர் கோபம் நியாயமானது. மூன்றாம் முறை பெரியவரே அந்தக் காரை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். இன்றும் அவர் சுற்றி வரும்போது நான் காரைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

கிளம்பும்போது

டயர் தோண்டிய பள்ளங்களைக் காலால் தள்ளி மூடுங்கள். குறிப்பாகக் கிரிக்கெட் ஆடும் பகுதியில். காவலாளியிடம் கிளம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உடைந்த பிளாஸ்டிக், ஜிப் டை நறுக்குகள், டேப் எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போடுங்கள். மாடு மேயும் இடமாக இருந்தால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

கடைசியாக பாடி கிளிப்புகளை எண்ணுங்கள். காரின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் கம்பிகள் குதிக்கும்போது தெறித்துவிடும், மண்ணில் கண்ணுக்கே தெரியாது. ஒன்று குறைந்தால் கார் கடைசியாகக் கவிழ்ந்த இடத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள், ஒரு காந்தம் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும். சாயங்காலம் அங்கே பசங்கள் வெறுங்காலோடு கபடி ஆட வருவார்கள்.